48 பல் கேட்டு வந்தவர்: பினாங்கில் ஒரு பழைய மவுண்டன் பைக்கின் கியர் மாற்றம்

## பின்னணி

இதில் வருபவர் நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஒரு தொழில்நுட்பர். பினாங்குத் தீவில், குளுகோரை ஒட்டிய புக்கிட் கம்பீர் மேட்டில் அடுக்குமாடி வீடு. வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் தென்பகுதியில், பத்து மாவுங் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில். காலை ஷிப்ட் 7 மணிக்கு. மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் வீட்டிலிருந்த ஒரே மோட்டார் சைக்கிள் அவளிடம் போனது. கம்பெனி பஸ் ஊரைச் சுற்றி ஆளேற்றிக்கொண்டு போவதால் விடியும் முன்பே இறங்கி நிற்க வேண்டும். உறவினர் ஒருவர் வீட்டில் சும்மா கிடந்த மவுண்டன் பைக்கை வாங்கி ஓட்ட ஆரம்பித்தார்.

பாதை பத்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். வீட்டிலிருந்து மேட்டை விட்டு இறங்கினால் பிறகு ஏறக்குறைய முழுவதும் சமதளம். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையை ஒட்டிய கடலோரச் சைக்கிள் பாதை, பினாங்குப் பாலம், குவீன்ஸ்பே, அதற்கப்பால் தொழிற்பேட்டைச் சாலைகள், சமிக்ஞை விளக்குகள். திரும்பி வரும்போது கடைசியில் அந்த மேடு.

வேலைக்குப் போய்ச் சேர 38 நிமிடம் ஆகிறது என்றார். அரை மணிக்குள் வர வேண்டும் என்பது ஆசை. ஒரு கடையில் விசாரித்தபோது, முன்னால் 53 பல் உள்ள ரோடு பைக் கிராங்க் (மிதித்தண்டும் முன் பல்சக்கரங்களும் சேர்ந்த பகுதி) போட்டால் பறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இணையத்தில் தேடி, 48 பல் உள்ள ஒன்றையும் பார்த்து வைத்திருந்தார். பழுதுபார்ப்புத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற நான், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வார இறுதிகளில் சைக்கிள் வேலை பார்ப்பவன். அப்படித்தான் என்னிடம் வந்தார்.

"அண்ணே, இதுல கியர் பத்தல. இருபத்திரண்டுக்கு மேல மிதி சும்மா சுத்துது. முன்னால பெரிய பல்லு போட்டுக் கொடுங்க."

அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களும் அடையாளங்களும் விடப்பட்டுள்ளன.

## சைக்கிளில் கண்டவை

எஃகுச் சட்டம், 26 அங்குலச் சக்கரம், அலுமினிய ரிம், முன்னால் சஸ்பென்ஷன் இல்லாத நேர் ஃபோர்க். முன்னால் 42, 32, 22 என மூன்று பல்சக்கரங்கள். பின்னால் ஏழு அடுக்கு ஃப்ரீவீல், அதாவது பின் சக்கரத்தில் திருகிப் பொருத்தும் பல்சக்கர அடுக்கு: 14, 16, 18, 20, 22, 24, 28. டயர் 1.95 அங்குலம், சேற்றுக்கான மொட்டு டயர். காற்று கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் அளவு.

அவர் சொன்ன 22 கிலோமீட்டர் என்ற எண்தான் முதலில் உறுத்தியது. இந்த டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.05 மீட்டர் போகும். 42-ஐ 14-ஆல் வகுத்தால் 3. அதாவது மிதி ஒரு முறை சுற்றினால் சைக்கிள் 6.15 மீட்டர் நகர வேண்டும். நிமிடத்துக்கு 80 சுற்று என்பது பழகிய ஆளுக்கு வசதியான மிதி வேகம். அந்தக் கணக்கில் மணிக்கு 29.5 கிலோமீட்டர் வர வேண்டும். இவருக்கு 22-லேயே மிதி காலியாகிறது என்றால் ஒன்று அவர் மிக மெதுவாக மிதிக்கிறார், அல்லது செயின் 42-ல் இல்லை. மெதுவாக மிதிப்பவருக்கு மிதி "சும்மா சுத்துது" என்ற உணர்வே வராது.

பற்களைத் துடைத்துப் பார்த்ததும் விடை கிடைத்தது. நடுவிலிருக்கும் 32-ன் பற்கள் சுறாத் துடுப்பு மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து கூராகியிருந்தன. 42-ன் பற்கள் புதுசு போலவே இருந்தன. லேசான துருதான் படிந்திருந்தது. பின்னால் 14, 16 இரண்டும் நன்றாகத் தேய்ந்திருந்தன; 20, 22-ல் தேய்மானமே இல்லை. சைக்கிள் எந்தக் கியரில் ஓடியது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஓட்டுபவரின் நினைவு தவறலாம், பல் தவறாது.

கைப்பிடியில் லீவர் 3-ல், அதாவது பெரிய பல்லுக்கான இடத்தில் நின்றது. செயின் நடுப்பல்லில் நின்றது. செயினை முன்னால் நகர்த்தும் எஃப்டியின் கேபிள், பூட்டுத் திருகிலிருந்து நழுவியிருந்தது. லீவரைத் தள்ளினால் டிக், டிக் என்று சத்தம் வரும், கேபிள் தளர்வாக இழுபடும், எஃப்டி அசையாது. அதன் மூட்டுகள் துருவும் அழுக்கும் சேர்ந்து நடு இடத்திலேயே இறுகிப் போயிருந்தன. கடலோரமாக ஓடி, மழையில் நனைந்து, எண்ணெய் காணாமல் நிற்கும் சைக்கிளுக்கு இது வழக்கமாக வருவதுதான். சுருக்கமாக, இருபத்தோரு கியர் சைக்கிளில் ஏழு கியர்தான் வேலை செய்தது. 32-க்கு 14 என்ற அமைப்பில் 80 சுற்றுக்கு வரும் வேகம் 22.5 கிலோமீட்டர். அவர் சொன்ன எண்ணும் அதேதான்.

மற்றவை: செயினில் 12 அங்குலம் இருக்க வேண்டிய நீளம், எட்டில் ஒரு அங்குலத்துக்கும் மேல் கூடியிருந்தது. அதாவது ஒரு விழுக்காட்டுக்கு மேல் தேய்மானம். இருக்கை மிகத் தாழ்வு. பிரேக் கட்டைகள் கல்லாக இறுகியிருந்தன. கிராங்க்கைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் கண்டது. கிராங்க் சுழலும் நடு அச்சில் பேரிங் உருளைகள் போய்விட்டன.

## எடுத்த முதல் முடிவு

கிராங்க்கை உடனே மாற்றவில்லை. அவருக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பணம் கையில் கொண்டுவந்திருந்தார்.

அவரிடம் சொன்ன காரணம் இது. பெரிய பல் வேகத்தைக் கொடுப்பதில்லை. ஒரே வேகத்தில் காலை மெதுவாகச் சுற்ற விடும், அவ்வளவுதான். வேகத்துக்கு வேண்டிய பலம் கால்தான் தர வேண்டும். சமதளத்தில் இருபதைத் தாண்டினால் பெரும்பகுதி பலம் காற்றைத் தள்ளுவதில் போய்விடுகிறது. காற்றுக்குச் செலவாகும் பலம் வேகத்தின் மும்மடியில் கூடும். 22-லிருந்து 26-க்குப் போக, காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய 65 விழுக்காடு அதிகப் பலம் தேவை. இப்போதிருக்கும் 42-ல் 80 சுற்றுக்கு 29 வரை போக முடியும் என்னும்போது, அதை ஓட்டிப் பார்க்காமலேயே அதைவிடப் பெரியதை வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. டயர், காற்று, இருக்கை, கியர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எவ்வளவு பலன் தந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதலில் பழுதைச் சரிசெய்து சில வாரம் ஓட்டுவது, பிறகு கியரை முடிவு செய்வது என்று ஒப்புக்கொண்டோம்.

## முதல் கட்ட வேலை

பிரேக்கில் தொடங்கினோம். வேகத்தைக் கூட்டப் போகும் சைக்கிளில் நிறுத்தும் சக்தியை முதலில் பார்க்க வேண்டும், அதுவும் மாலையில் இடி மழை இறங்கும் ஊரில். புதிய ரப்பர் கட்டை, புதிய கேபிள், ரிம்மைத் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கை எடுத்தது. இதில் விவரிக்க வேறொன்றும் இல்லை.

எஃப்டியைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயில் இரவு முழுதும் ஊறவைத்ததும் மூட்டுகள் விட்டுக்கொடுத்தன. சிறிது ஆட்டம் இருந்தது, ஆனால் வேலை செய்தது. உள் கேபிளும் வெளி உறையும் புதிதாகப் போட்டு, இரண்டு எல்லைத் திருகுகளையும் சரிசெய்தோம். செயின் 42-க்கு ஏறியது, 22-க்கும் இறங்கியது.

மொட்டு டயரை எடுத்துவிட்டு 1.5 அங்குல வழவழப்பு டயர், 60 பிஎஸ்ஐ காற்று. மொட்டு டயர் தார்ச்சாலையில் ஊளையிடுவதற்குச் செலவாகும் பலம் ஓட்டுபவரின் பலம்தான். டயர் சிறிதானதால் ஒரு சுற்று 2.05-லிருந்து ஏறக்குறைய 2.01 மீட்டராகக் குறைந்தது. அதாவது எல்லாக் கியரும் இரண்டு விழுக்காடு இளகியது. கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும், கவலைப்பட ஒன்றுமில்லை.

இருக்கையை, குதிகாலை மிதியில் வைத்தால் முழங்கால் நேராக நீளும் உயரத்துக்கு ஏற்றினோம். முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடிப்பு மிஞ்சும். முதலில் பயமாக இருக்கிறது என்றார். நிறுத்தும்போது இருக்கையில் உட்கார்ந்தபடியே காலை ஊன்ற முடியாது, இறங்கித்தான் நிற்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பழகிவிட்டது.

தேய்ந்த செயினை வேண்டுமென்றே மாற்றவில்லை. தேய்ந்த செயினும் தேய்ந்த பின் பல்லும் ஒன்றுக்கொன்று பழகியவை, சேர்ந்தே ஓடும். புதுச் செயினை மட்டும் போட்டால் 14, 16 பற்களில் அழுத்தி மிதிக்கும்போது வழுக்கும். பின் பல்லை என்ன செய்வதென்று முடிவாகும் வரை இரண்டையும் விட்டுவைப்பது மலிவு.

செலவு டயர், கேபிள், கட்டை எல்லாம் சேர்த்து 140 வெள்ளி (ரிங்கிட்) சுமார்.

## சில வாரங்களுக்குப் பின்

பயணம் 38 நிமிடத்திலிருந்து 32-க்கு வந்தது. கிராங்க் இன்னும் பழையதுதான். கடலோரப் பாதையில் 25, 26-ல் நிலையாக ஓட்ட முடிகிறது என்றார். மீதி நேரத்தைச் சாப்பிடுவது சமிக்ஞை விளக்குகளும் தொழிற்பேட்டைக்குள் நுழையும் மோட்டார் கூட்டமும். எந்தக் கியரும் அங்கே உதவாது.

ஆனாலும் அவர் 48-ஐ மறக்கவில்லை. காற்று பின்னிருந்து தள்ளும் நாட்களில் 14-ல் மிதி வேகமாகச் சுற்றிவிடுகிறது, ஒரு கியர் மிச்சம் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார். இந்த முறை அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 42-ல் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்.

அதோடு வேறொன்றும் முடிவாகியிருந்தது. கூராகிப் போன 32 பல்சக்கரத்தைத் தனியாக மாற்ற முடியாது. அந்தக் கிராங்க்கில் மூன்று சக்கரங்களும் ரிவிட் அடித்துச் சேர்க்கப்பட்டவை. புதுச் செயினை அந்தக் கூர்ப்பல்லில் ஓட்டினால் பல் செயினை விடாமல் பிடித்து மேலே இழுத்துச் சட்டத்தில் மாட்டிவிடும். நடு அச்சும் போய்விட்டது. ஆகக் கிராங்க், அச்சு, ஃப்ரீவீல், செயின் நான்கும் எப்படியும் மாற வேண்டியவை. மாற்றும்போது எந்த அளவில் மாற்றுவது என்பதே கேள்வி.

## எந்தக் கியர், ஏன்

53 பல் ரோடு கிராங்க்கை முதலில் ஒதுக்கினோம். மவுண்டன் பைக்கின் செயின் ஸ்டே குழாய்கள் (நடு அச்சிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் சட்டக் குழாய்கள்) அகல டயருக்கு இடம் விடுவதற்காக வெளியே விரிந்து போகின்றன. ரோடு கிராங்க்கோ பல்சக்கரத்தைச் சட்டத்துக்கு நெருக்கமாக வைக்க அமைந்தது. 53 பல்லின் ஆரம், 42-ஐவிட 22 மில்லிமீட்டர் அதிகம். குழாயில் இடிக்கும். இடிக்காவிட்டாலும் மேட்டில் ஏற முடியாது.

பின்னால் 11 பல்லில் தொடங்கும் ஃப்ரீவீல் ஒன்றும் கிடைத்தது. கிராங்க் அதே 42-32-22 அளவில் புதிதாகப் போட்டு, உச்சக் கியரைப் பின்னாலிருந்து கூட்டலாம். தொண்ணூறுகளின் நடுவில் வந்த நல்ல மவுண்டன் பைக்குகள் அப்படித்தான் இருந்தன. அதற்கு முன் 48-38-28, 46-36-26 என்று முன்னால் பெரிதாக இருந்ததைச் சிறிதாக்கியபோது, பின்னால் 14, 13-ல் தொடங்கியதை 11-ஆக இறக்கினார்கள். இரண்டும் ஒரு ஜோடி. மலிவு சைக்கிள்களில் முன்னால் மட்டும் சிறிதாகி, பின்னால் பழைய 14 ஃப்ரீவீலே தொடர்ந்தது. இந்தச் சைக்கிளின் உச்சக் கியர் தாழ்வாக இருந்ததற்கு வேர் அங்கேதான்.

ஆனால் அந்த 11 ஃப்ரீவீலின் பற்கள் 11, 13, 15, 18, 21, 24, 28. இவர் பெரும்பாலும் ஓட்டுவது மணிக்கு 22 கிலோமீட்டருக்கும் 29-க்கும் இடையில். 80 சுற்றில் அந்த இடத்தில் என்ன கிடைக்கிறது என்று மூன்று அமைப்பையும் தாளில் எழுதினோம்:

42 முன்னால், பழைய ஃப்ரீவீல்: 22.5, 25.3, 28.9. அதற்கு மேல் ஒன்றுமில்லை.
42 முன்னால், 11 ஃப்ரீவீல்: 22.5, 27.0, 31.2, 36.8.
48 முன்னால், 14-28 ஃப்ரீவீல்: 21.0, 23.2, 25.7, 28.9, 33.1.

இரண்டாவது வரியில் 22.5-க்கும் 27-க்கும் இடையில் ஒன்றும் இல்லை. எதிர்க்காற்றில் 27 கனமாக இருக்கும், 22.5 இளகிவிடும்; அன்றாடம் ஓட்டும் வேகம் சரியாக அந்த ஓட்டைக்குள் விழுகிறது. வருடத்தில் எத்தனை முறை 36.8 தேவைப்படும்? மூன்றாவது வரியில் படிகள் நெருக்கம். அவருடைய வழக்கமான 25, 26 என்பது 18 பல்லில் வந்து உட்காருகிறது. மேலே இரண்டு படி, கீழே தாராளமாகப் படிகள். செயினும் அடுக்கின் ஓரத்திலேயே தேயாமல் உள்ளே தள்ளி ஓடும்.

ஆக அவர் முதல் நாள் கேட்ட 48-ஐயே போடுவதென்று முடிவானது. அவர் கேட்டது உச்ச வேகத்துக்காக. நாங்கள் எடுத்தது நடுவிலுள்ள நெருக்கமான படிகளுக்காக.

மேடு ஏற முடியுமா என்று அவருக்குச் சந்தேகம். 48-38-28 கிராங்க்கில் மிக இளகிய கியர் 28-க்கு 28, மிதி ஒரு சுற்றுக்கு 2.01 மீட்டர். எஃப்டி இறுகியிருந்த காலத்தில் அவர் அதே மேட்டை 32-க்கு 28-ல், 2.34 மீட்டரில் ஏறிக்கொண்டிருந்தார். பெரிய கிராங்க் போட்ட பிறகும், முன்பு பழகியதைவிட இளகிய கியர் கையில் இருக்கும். இதைக் கேட்டதும்தான் முகம் தெளிந்தது.

26 அங்குலச் சக்கரத்தைக் கழற்றி அதைவிடப் பெரிய 700 சக்கரம் போடுவது, விற்றுவிட்டுப் பழைய ஹைபிரிட் சைக்கிள் வாங்குவது ஆகிய இரண்டையும் பேசினோம். முதலாவதற்கு பிரேக் எட்டாது. இரண்டாவதற்குச் செலவு கூடுதல், வாங்குவதும் பழையதே.

## பொருத்தும்போது

பொருளை வாங்கும் முன் அட்டையில் 202 மில்லிமீட்டர் விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டினோம். 48 பல்லின் முனையிலிருந்து முனை வரை அவ்வளவு வரும். பழைய கிராங்க்கின் வெளிச்சக்கரம் நிற்கும் இடத்தில் அட்டையைப் பிடித்து, செயின் ஸ்டேக்கு எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று பார்த்தோம். நடுச் சக்கரத்துக்கும் அப்படியே. சில மில்லிமீட்டர்தான் இருந்தது, ஆனால் இருந்தது. ஐந்து நிமிட வேலை. திருப்பித் தர முடியாத கிராங்க்கை வாங்கி வந்து குழாயில் உரசுவதைப் பார்ப்பதற்கு இது மேல்.

நடு அச்சு 122.5 மில்லிமீட்டர் நீளத்தில், மூடிய கார்ட்ரிட்ஜ் வகை. புதிய கிராங்க்குக்கு வேண்டிய நீளம் அது. பழைய அச்சைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: வலப்பக்கக் கிண்ணத்தின் மரை எதிர்த்திசையில் ஓடும். கழற்ற வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். இது தெரியாமல் பலர் மரையைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அதிக நேரம் பிடித்தது ஃப்ரீவீல். ஒவ்வொரு மிதிக்கும் அது தன்னைத் தானே இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. கைச் சாவியால் அசையாது. கழற்றும் கருவியை மேசைப் பிடியில் இறுக்கி, சக்கரத்தை அதன் மேல் கவிழ்த்து, இரு கையாலும் டயரைப் பிடித்து இடஞ்சுழியாகத் திருப்பினோம். ஒரு பெரிய சத்தத்தோடு விட்டது. புதியதைப் போடும் முன் மரையில் கிரீஸ் தாராளமாகப் பூசினோம்.

எஃப்டியை சீட் குழாயில் 12 மில்லிமீட்டர் மேலே ஏற்ற வேண்டியிருந்தது. 48-ன் ஆரம் 42-ஐவிட அவ்வளவு அதிகம். செயினை நடுவில் விட்டு நகர்த்தும் அதன் கூண்டின் வெளித்தகடு பெரிய பல்லுக்கு மேல் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். பழைய எஃப்டியின் வளைவு 42-க்கு வெட்டியது. 48-ன் வட்டத்தோடு அது முழுதாகப் பொருந்தாது. அதனால் 48-க்கு 14-ல் ஓட்டும்போது கூண்டின் பின்முனையில் மெல்லிய உரசல் சத்தம். அவர் பொறுத்துக்கொள்கிறேன் என்றார்.

பின்னால் செயினை நகர்த்தி, தளர்வையும் இழுத்துப் பிடிக்கும் ஆர்டிக்குக் கொள்ளளவு போதுமா என்பதும் ஒரு சிறு கணக்கு. முன்னால் 48-க்கும் 28-க்கும் வித்தியாசம் 20, பின்னால் 28-க்கும் 14-க்கும் 14. மொத்தம் 34. நீளக் கூண்டுள்ள மவுண்டன் பைக் ஆர்டி இதைத் தாங்கும்.

செயின் நீளத்தை மட்டும் பழையதைப் பார்த்து வெட்டக் கூடாது. முன்னால் ஆறு பல் கூடினால் செயினும் நீள வேண்டும். பழைய நீளத்தில் போட்டால், யாராவது தவறுதலாகப் பெரிய முன் பல்லையும் பெரிய பின் பல்லையும் சேர்த்த அன்று ஆர்டி பிய்ந்துவிடும். 48-லும் 28-லும் செயினைச் சுற்றி, ஆர்டி வழியாக விடாமல் நேராக இழுத்து, அதற்கு மேல் ஒரு அங்குலம் சேர்த்து வெட்டினோம். 116 இணைப்புச் செயினில் 108 மிஞ்சியது.

கிராங்க் 130 வெள்ளி, அச்சு 70, ஃப்ரீவீல் 40, செயின் 45. இரண்டாம் கட்டத்துக்கு மொத்தம் 285.

## பிறகு நடந்தவை

பயணம் 32 நிமிடத்திலிருந்து 31-க்கு வந்தது.

285 வெள்ளிக்கு ஒரு நிமிடமா என்று அவரே சிரித்தார். பெரும்பகுதி எப்படியும் மாற்றியாக வேண்டிய பொருள் என்பதால் அந்தக் கணக்கு முழு நியாயமில்லை. கால் ஓய்வாக இருக்கிறது, எதிர்க்காற்றில் ஒரு படி இறக்கினால் போதும், மூச்சு வாங்குவதில்லை என்றும் சொன்னார். நிமிடக் கணக்கில் வராத பலன் அது. ஆனால் கியரை மாற்றினால் நேரம் குறையும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு இந்த 6-க்கு 1 என்ற விகிதம் தெரிந்திருக்க வேண்டும். ஆறு நிமிடத்தை டயர், காற்று, இருக்கை, ஒரு கேபிள் கொடுத்தன.

ஒரு பக்கவிளைவும் வந்தது. சில வாரத்தில் முழங்காலின் முன்பக்கம், சில்லுக்குக் கீழே வலி. பின்னால் போய் ஓட்டுவதைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பெரிய பல் கிடைத்த மகிழ்ச்சியில் 48-க்கு 14-லேயே வைத்து, நிமிடத்துக்கு 60 சுற்று அளவில் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். அதில் வரும் வேகம் 24.8 கிலோமீட்டர். 18 பல்லில் 77 சுற்று சுற்றினாலும் அதே வேகம்தான், முட்டியில் விழும் அழுத்தம் மட்டும் குறைவு.

"கனமா மிதிச்சாதான் வேகமா போற மாதிரி இருக்குண்ணே."

"தம்பி, போன்ல வேகத்தைப் பாருங்க. முட்டியக் கேட்டு முடிவு பண்ணாதீங்க."

சில நாள் ஓய்வு, பிறகு 14-ஐத் தொடாமல் 18, 20-ல் ஓட்டுவது, வலி தொடர்ந்தால் கிளினிக் போவது என்று பேசிக்கொண்டோம். போக வேண்டி வரவில்லை. இப்போது 14-ஐப் பின்காற்றுக்கும் மேட்டிலிருந்து இறங்குவதற்கும் மட்டும் எடுக்கிறார்.

## மறுபடி செய்வதானால்

வேலையின் வரிசை அப்படியே இருக்கும்: பிரேக், பழுது, டயர், இருக்கை, ஓட்டம், அதன் பிறகே கியர். பல்லின் தேய்மானத்தைப் பார்த்து எந்தக் கியர் ஓடியது என்று கண்டுபிடிப்பதும் இருக்கும்.

எஃப்டியை மட்டும் வேறு விதமாக முடிவு செய்யலாம். 48 பல்லுக்கென்று வளைவு வெட்டிய எஃப்டி மலிவாகக் கிடைக்கிறது. கேபிளும் பழைய கிராங்க்கும் கழன்றிருக்கும் நேரத்தில் அதையும் சேர்த்துப் போட்டால் உரசல் இருக்காது, மூட்டு ஆட்டமும் போய்விடும். வாங்கும்போது சீட் குழாயின் விட்டத்தையும், கேபிள் மேலிருந்து இழுக்கிறதா கீழிருந்து இழுக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தில் குழாய் 28.6 மில்லிமீட்டர், கேபிள் கீழிருந்து வருகிறது.

மிதி வேகத்தை முதல் கட்டத்திலேயே எண்ணிப் பழக்குவதும் நல்லது. ஒரு முட்டி மேலே வருவதைக் கால் நிமிடத்துக்கு எண்ணி நான்கால் பெருக்கினால் போதும், கருவி எதுவும் வேண்டாம். அது கைவந்திருந்தால் 48 வந்த பிறகு 14-ல் போய் உட்கார்ந்திருக்க மாட்டார்.

பின் சக்கர அச்சு இன்னும் பழையதுதான். திருகு ஃப்ரீவீல் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) வலப்பக்க உருளைகள் அச்சின் முனையிலிருந்து வெகுவாக உள்ளே தள்ளி இருப்பதால், எடையும் குழியும் சேர்ந்தால் அச்சு வளையும் வாய்ப்பு உண்டு. பின்னால் கேரியரில் சாப்பாட்டுப் பையும் மழைக்கோட்டும் ஏறுகின்றன. அடுத்த முறை சக்கரம் கழறும்போது அச்சை வெளியே எடுத்து, கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்ப்பதாக இருக்கிறோம். வளைந்திருந்தால் அப்போது காசெட் ஹப் (பல் அடுக்கைத் திருகாமல் செருகிப் பொருத்தும் வகை) உள்ள சக்கரத்துக்கு மாறுவதா, அச்சை மட்டும் மாற்றுவதா என்பதை விலை கேட்டு முடிவு செய்வோம்.